ஆறுமுகம் வகையறா: செவ்வாய்க்கிழமை

வாணி: மாலதி அத்தை, குணாவுக்கு விடிகாலையில இருந்து இடது காது அடைச்ச மாதிரி இருக்காம். உள்ள ஙொய்னு ஒரே சத்தம். அழுக்கு எடுக்கிற சொட்டு மருந்து பேரு சொல்லுங்க

பெரியம்மா: நல்லெண்ணெயில ரெண்டு பல் பூண்டு தட்டிப் போட்டு காய்ச்சி ஊத்து

மாலதி அத்தை: எண்ணெய் வேண்டாம் அண்ணி. சொட்டு மருந்தும் வேண்டாம் வாணி. வாயை மூடிக்கிட்டு "ம்ம்ம்"னு முனகச் சொல்லு. சத்தம் எந்தக் காதுல தூக்கலா கேக்குதுன்னு கேளு. அடைச்ச காதுலன்னா பெரும்பாலும் அழுக்கு, இல்ல சளி. நல்ல காதுப் பக்கம் போச்சுன்னா நரம்புல கோளாறு.

பெரியப்பா: வெள்ளிக்கிழமை காது குத்து. கறி எத்தனை கிலோன்னு இன்னும் யாரும் சொல்லல

வாணி: வலது பக்கம்தான் கேக்குதாம் அத்தை 😟

மாலதி அத்தை: அப்போ இன்னைக்கே, இப்பவே காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கிளம்புங்க. ஆடியோகிராம், அதான் காது எவ்வளவு கேக்குதுன்னு அளக்குற டெஸ்ட், எடுக்காம வீட்டுக்கு வரக்கூடாது. மூணு நாளுக்குள்ள, அந்த டெஸ்ட்ல அடுத்தடுத்த மூணு அதிர்வெண்ல கேக்குற திறன் 30 டெசிபல் குறைஞ்சிருந்தா அது திடீர் செவித்திறன் இழப்பு. ஸ்டீராய்டு மாத்திரை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. ரெண்டு வாரம் தாண்டினா பலன் ரொம்பக் குறைஞ்சிடும். நிறைய பேர் அழுக்குன்னு நினைச்சு சொட்டு மருந்து ஊத்தியே அந்த ரெண்டு வாரத்தை விட்டுடறாங்க.

கதிர்: சவுண்ட் ஆஃப் மெட்டல் படத்துல அப்படியே இதுதான் அத்தை. ரூபன்னு ஒரு டிரம்மர். ரிஸ் அகமது நடிச்சது. திடீர்னு எல்லாம் தண்ணிக்குள்ள கேக்குற மாதிரி ஆயிடும்

பெரியப்பா: பாலிடெக்னிக் பணத்துல டிரம் செட் வாங்கினப்பவே சொன்னேன்

வாணி: பெரியப்பா ப்ளீஸ்

குணா: நானும் குரூப்லதான் இருக்கேன். யாரும் போன் பண்ணாதீங்க, மெசேஜே போடுங்க. வெள்ளிக்கிழமை காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு வாசிக்கலாமா அத்தை? அட்வான்ஸ் வாங்கியாச்சு

செல்வம் சித்தப்பா: பஞ்சு ஒண்ணுக்கும் ஆகாது தம்பி. 85 டெசிபல்னா 8 மணி நேரம் தாங்கலாம். 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி. 94-க்கு 1 மணி. 100-க்கு வெறும் 15 நிமிஷம். நீ ஸ்னேர் டிரம் அடிக்கிற இடத்துல மீட்டர் வெச்சா 100 தாண்டும். மேடை ஓரத்துல நான் போடுற சைடு ஃபில் ஸ்பீக்கர் பாக்ஸ் வேற

மாலதி அத்தை: வாசிக்கக் கூடாது குணா. கதிர் சொன்ன படத்துலயும் டாக்டர் சத்தத்தை விட்டு விலகி இருன்னு சொல்வாரு, அவன் கேக்காம மேடை ஏறிடுவான். மிச்சம் இருக்கிற கேக்குற திறனைக் காப்பாத்துறதுதான் இப்ப வேலை.

கதிர்: கடைசியில காதுக்குள்ள கருவி வெச்சுப்பான். அது ஏன் அப்படி தகர டப்பா மாதிரி கேக்குது?

மாலதி அத்தை: அந்த இடத்தை ரொம்பச் சரியா செஞ்சிருக்காங்க. 2021-ல சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் கொடுத்ததுல தப்பே இல்ல. உள்காதுல ஒலியை நரம்புக்குக் கொடுக்குற, முடி மாதிரி இழை உள்ள செல் மட்டும் ஏறக்குறைய 3,500. அவன் வெச்சுக்கிற கருவி காக்ளியர் இம்ப்ளான்ட், அதுல மின்முனை 12-ல இருந்து 22 வரைக்கும்தான். அதனால தாளம் நல்லாப் பிடிபடும், ராகம் பிடிபடாது. ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கே கேக்காது, புண் ஆறி வழக்கமா மூணு நாலு வாரம் கழிச்சுத்தான் ஆன் பண்ணுவாங்க. அப்புறம் மாசக்கணக்குல பயிற்சி. ஆன் பண்ணின முதல் நாள் நிறைய பேருக்கு ரோபோ பேசுற மாதிரிதான் கேக்கும். இதை முன்னாடியே உட்கார வெச்சு சொல்லணும். படத்துல அவனுக்கு அது பேரிடியா இருக்கும். எனக்கு அந்தப் படத்துல ஒரே மனத்தாங்கல், ஸ்டீராய்டு பேச்சே வராது. பாக்குறவங்க திடீர்னு போனா போனதுதான்னு நினைச்சுடுவாங்க.

பெரியம்மா: அதுல அந்தக் காது கேக்காதவங்க இல்லத்துப் பெரியவர் நல்லா நடிச்சிருப்பாரே

கதிர்: பால் ராசி பெரியம்மா. அவரோட அப்பா அம்மா ரெண்டு பேருமே காது கேக்காதவங்க. சின்ன வயசுல இருந்தே சைகை மொழிதான்

பெரியப்பா: கறி???

செல்வம் சித்தப்பா: 250 இலை. 35 கிலோ போதும்

பெரியம்மா: போன தடவையும் போதும்னுதான் சொன்னீங்க

(10:40)

வாணி: 📷 ஆடியோகிராம்

மாலதி அத்தை: இடது காது 1000 ஹெர்ட்ஸ்ல 45 டெசிபல், 2000-ல் 55, 4000-ல் 60. இதுல எண் கூடக் கூடக் கேக்குறது குறைவுன்னு அர்த்தம். நான் பயந்ததுதான். வலதையும் பாரு, 4000-ல் மட்டும் 35-க்கு இறங்கி 8000-ல் மறுபடி 15-க்கு ஏறியிருக்கு. அந்தப் பள்ளம் வருஷக்கணக்கா டிரம் சத்தம் தோண்டினது. சர்க்கரை பார்த்தாங்களா? ஸ்டீராய்டு அதை ஏத்திவிடும். வழக்கமா எடைக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 60 தாண்டாம எழுதுவாங்க. டாக்டர் குறைக்கச் சொல்ற வரைக்கும் நடுவுல நிறுத்தவே கூடாது. எம்ஆர்ஐயும் எடுக்கச் சொல்வாங்க, நரம்புல கட்டி இல்லைன்னு உறுதி பண்ணிக்க.

வாணி: சர்க்கரை 104. மாத்திரை ஆரம்பிச்சாச்சு. சரியாகலைன்னா செவிப்பறை வழியா ஊசின்னு சொன்னாரு

மாலதி அத்தை: சரியான ஆள்கிட்டதான் போயிருக்கீங்க. ஒரு வாரத்துல மறுபடி ஆடியோகிராம்.

பெரியப்பா: குணாதான் தாய்மாமன், அவன் மடி இல்லாம காது குத்த முடியாது. சீர் வரும்போது மேளமும் வேணும்

மாலதி அத்தை: மடியில உட்கார வைக்கட்டும் அண்ணா. மேளத்துக்குப் பக்கத்துல மட்டும் வேண்டாம்.

செல்வம் சித்தப்பா: வெட்டவெளியில தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும். மேளம் முன்னாடி போகட்டும், சீர்த்தட்டு முப்பது அடி பின்னாடி வரட்டும். ஃபோம் அடைப்பான் நான் தர்றேன். ஒல்லியா உருட்டி, எதிர்க்கையால காதை மேல இழுத்துப் பிடிச்சு உள்ள விட்டு, 30 செகண்ட் விரலை எடுக்காம இருக்கணும். சும்மா சொருகினா வெளிய தள்ளிடும்

பெரியப்பா: சீருக்கு முன்னாடி அவ்வளவு இடைவெளியா. ஊர்க்காரன் என்ன சொல்வான்

குணா: நைட் ஷோவுக்கு வேற ஆள் பேசவா சித்தப்பா? அவன் 6000 கேக்குறான்

செல்வம் சித்தப்பா: பேசு. இல்ல இரு, நாளைக்குச் சொல்றேன்

பெரியம்மா: 40 கிலோவே சொல்லிடுங்க