வெள்ள மாதிரியாக்கத்தில் முனைவர் பட்டம்: வழிகாட்டுதல் வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நான் எண்ணூரில் வசிக்கிறேன். கணிதத்தில் முதுகலை முடித்திருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளமும் எண்ணெய்க் கழிவும் ஒன்றாக எங்கள் தெருவுக்குள் வந்த நாளிலிருந்து, முகத்துவாரத்தில் கொசஸ்தலையாற்று நீரும் பக்கிங்காம் கால்வாயும் கடலின் ஏற்றமும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும்போது நீர்மட்டம் எப்படி உயரும் என்பதைக் கணித மாதிரியாக்கத்தின் வழியே ஆராய வேண்டும் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

ஆறு, கால்வாய்களில் நீரோட்டத்தை விவரிக்கும், 1871-இல் வெளிவந்த சான்-வெனான் சமன்பாடுகளை நானாகவே படித்து, நீர்ப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் வால்யூம் முறையில் பைத்தான் நிரல் ஒன்றை எழுதிப் பார்த்தேன். ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேர இடைவெளியான காலப்படியைச் சற்றுக் கூட்டினாலே விடை சிதறியது. 1928-இல் கூரான்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி ஆகியோர் வகுத்த, காலப்படிக்கு வரம்பு விதிக்கும் நிபந்தனையை மீறியதே காரணம் என்று பின்னர் புரிந்தது. ஆனால், நனைந்த நிலமும் உலர்ந்த நிலமும் சந்திக்கும் எல்லையில் நீரின் ஆழம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுவதை இன்றுவரை என்னால் சரிசெய்ய இயலவில்லை. முறையான பயிற்சி இல்லாமல் இதற்கு மேல் நகர முடியாது என்றே கருதுகிறேன்.

இத்தகைய ஆய்வுக்குக் கணிதத் துறையில் சேர்வது பொருத்தமா, கடல்சார் அல்லது சிவில் பொறியியல் துறையில் சேர்வது பொருத்தமா? இரு துறை நெறியாளர்களின்கீழ் கூட்டாக ஆய்வு செய்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர இயலுமா? மீன்பிடித் தொழிலை நம்பிய குடும்பம் என்பதால், மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை எனக்கு மிக அவசியம். அதற்கான தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் கணிதத் தேர்வுக்குத் தயாராகும் முறையையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.