ஆடுதின்னாப்பாளைப் பூவுக்குள் உயிரோடு ஈக்கள்: பூச்சி தின்னும் செடியா?

அணைக்கட்டு விவசாயி:
எங்கள் மணிலா (வேர்க்கடலை) கொல்லை வரப்பில் ஆடுதின்னாப்பாளை தரையோடு படர்ந்து கிடக்கிறது. களை எடுக்கும்போது கருஞ்சிவப்புக் குழல் பூ ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். அடியில் உப்பிய இடத்தில் பொடி ஈக்கள் உயிரோடு ஊர்ந்தன. பக்கத்துப் பூவில் ஒன்றுமில்லை. செரித்துவிட்டது என்கிறான் மகன். உண்மையா? செடியைப் பிடுங்கிவிடலாமா?

காட்பாடி வாத்தியார்:
மகனிடம் சொல்லுங்கள் தம்பி, இது தின்னாது, அடைத்துவைத்து அனுப்பிவிடும். பூச்சி தின்னும் செடிகள் இலையால் பிடிப்பவை. அழுகண்ணியின் இலையில் மினுக்கும் பசைத்துளி அதற்குத்தான். ஆடுதின்னாப்பாளை பூவால் பிடிக்கிறது, அதுவும் மகரந்தத்துக்காக.

வாடையை நம்பி ஈ குழலுக்குள் இறங்கும். உட்புற மயிர்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால், மீன் பறியைப்போல, போக வழி உண்டு, திரும்ப வழியில்லை. முதலில் பூவின் பெண் பாகமான சூல்முடி மட்டுமே பக்குவமாக இருக்கும். வேறு பூவிலிருந்து ஈ சுமந்துவந்த மகரந்தம் அதில் ஒட்டும். பிறகுதான் இந்தப் பூவின் மகரந்தப்பைகள் வெடித்து ஈயின் மேல் தூள் படியும். மயிர்கள் வாடிச் சுருங்கும், ஈ தப்பிக்கும். தப்பியது சும்மா போகுமா? அடுத்த பூவில் போய் விழும். அந்த அசட்டுத்தனத்தை நம்பித்தான் செடி விதை வைக்கிறது!

உங்கள் காலிப் பூவில் மயிர் விறைப்பாக நின்றால் ஈ இன்னும் வரவில்லை. சுருங்கியிருந்தால் வந்து போயிருக்கலாம். ஐரோப்பாவில் வளரும் இதே இனத்து வேறொரு செடியில் இந்தப் பொறியை ஸ்பிரெங்கல் என்ற ஜெர்மானியர் 1793-லேயே விவரித்திருக்கிறார்.

ஒடுகத்தூர் வாசகி:
பிடுங்காதீர்கள் அண்ணா. கறுப்பு இறக்கையும் சிவந்த உடலும் கொண்ட பட்டாம்பூச்சி இந்தச் செடியில் முட்டையிடும். புழு இலையைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். எங்கள் பாட்டி குடற்புழுவுக்கு இலைச்சாறு கொடுப்பார்.

காட்பாடி வாத்தியார்:
சாறு மட்டும் வேண்டாம் அம்மா. பாட்டி வைத்தியத்தை நான் எளிதில் தள்ளுகிறவன் அல்ல, ஆனால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மருந்து சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அதில் இந்த இனச் செடி ஒன்று கலந்திருந்தது. இந்த இனம் சேர்ந்த மூலிகை மருந்துகள் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002-ல் வகைப்படுத்தியது.

அணைக்கட்டு விவசாயி:
அப்படியானால் வரப்பில் இருப்பது இருக்கட்டும் ஐயா. கொல்லைக்குள் வந்ததை மட்டும் எடுக்கிறேன்.

காட்பாடி வாத்தியார்:
எடுத்ததை மணிலாக் கொடியோடு சேர்த்துக் கட்டி மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். பச்சையில் ஒதுக்கும் மாடு, காய்ந்து கலந்துவிட்டால் தின்றுவிடக்கூடும்.