ஃபோகஸ் ஸ்டாக்கிங்: ‘குவிய அடுக்கு’ வேண்டாமே

அண்ணாச்சி, வணக்கம். ஃபோகஸ் ஸ்டாக்கிங், அதாவது குவியத்தை (ஃபோகஸை) நகர்த்தி எடுத்த பல படங்களை ஒரே தெளிவான படமாகச் சேர்ப்பதற்கு, தமிழ்ப் பெயர் தேடுகிறோம். நீங்கள் எழுதியிருந்தது:

> ‘குவிய அடுக்கு’ என்றே வைத்துக்கொள்ளலாம், எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் பூவைப் படமெடுக்கிறவர்களுக்கு ஒத்துவராது. அடுக்கு மல்லி, அடுக்கு நந்தியாவட்டை, அடுக்குச் செம்பருத்தி என்று இதழ் கூடிய பூவுக்குத்தானே நாம் அடுக்கு என்போம்? ஆர்க்கிட் படத்துக்கு அடியில் அப்படிப் போட்டால், புது ரகமா, கன்று எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். போதாததற்கு ஃபோட்டோஷாப் லேயரையும் பலர் அடுக்கு என்றே எழுதுகிறார்கள்.

வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம். தென்மலை, குளத்துப்புழை வழியாகக் கேரளத்தின் பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் பூங்காவுக்குப் போகிறீர்கள், நிழல்வலைக்குக் கீழே ஒரு கேட்லியா ஆர்க்கிட் பூத்திருக்கிறது என்று வையுங்கள். பெரிய பூ. முன்னால் நீட்டிய ‘உதடு’ என்கிற இதழின் சுருள் ஓரத்திலிருந்து பின்னால் விரிந்த இதழ்வரை ஐந்தாறு செ.மீ. ஆழம் இருக்கும். மேக்ரோ (நெருக்கப்பட) லென்ஸில் கால் மடங்கு உருவளவில் (சென்சாரில் பூ கால் பங்கு அளவாக விழும்படி), லென்ஸ் துளையை எஃப் 8 வைத்து எடுத்தால், ஃபுல் பிரேம் கேமராவில் தெளிவாக விழுவது ஏறக்குறைய 1 செ.மீ. மட்டும். உதடு தெளிந்தால் இதழ் மங்கும். எஃப் 22 வரை மூடினாலோ, சிறு துளையில் ஒளி சிதறி மொத்தப் படமும் மழுங்கும்.

அதனால்தான் குவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்திப் பல படம் எடுக்கிறோம். ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மென்பொருள் பொறுக்கிச் சேர்க்கிறது. நடுவில் காற்றடித்தால் தீர்ந்தது, உதட்டின் ஓரம் இரட்டைக் கோடாக வரும். நரிவால் ஆர்க்கிட் மாதிரித் தொங்கும் கொத்து என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆக, வேலை இரண்டு. எடுப்பது ‘குவிய வரிசை’, சேர்ப்பது ‘குவியத் தொகுப்பு’. வினையாகவும் வரும்: “வரிசை எடுத்தேன், இன்னும் தொகுக்கவில்லை.”

> ‘கூர்மைக் கோவை’ எப்படி?

காதுக்கு இனிமை. தேடினால் கோயம்புத்தூர்தான் வரும்.

---

தம்பி, ‘வரிசை’ சரி. ஆனால் சினிமாக்காரர்கள் எடிட்டிங்கைத் தொகுப்பு என்கிறார்களே?

---

அது படத்தொகுப்பு, அண்ணாச்சி. முன்னால் ‘குவியம்’ ஒட்டியிருக்கும்வரை குழப்பம் வராது. தனியே ‘தொகுப்பு’ என்று மட்டும் எழுத வேண்டாம், அவ்வளவுதான்.

---

அப்படியானால் சரி, கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் சேர்த்துவிடுகிறேன். லேபெல்லம் என்கிற அந்த முன் இதழுக்கு ‘உதடு’ போதுமா, ‘உதட்டிதழ்’ வேண்டுமா என்பதைத் தனி மடலில் பேசுவோம். அதுவும் அல்லி இதழ்களில் ஒன்றுதான் என்பதால் எனக்கு இரண்டாவதே தோதாகப் படுகிறது.