மறு: ஸ்பூலருக்குத் தமிழில் என்ன? 'அச்சுமடை' என்று வைத்துப் பார்ப்போம்

அனைவருக்கும் வணக்கம்.

அச்சுக்கு அனுப்பும் கோப்புகளை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக பிரிண்டருக்கு விடும் கணினி நிரல்தான் ஸ்பூலர். அதற்குத் தமிழ்ச் சொல் தேடி மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது. சுருளி, அச்சு வரிசை, இடைத்தேக்கி என்று மூன்று சொற்கள் வந்துவிட்டன. நான் நான்காவதாக ஒன்றை வைக்கிறேன்: அச்சுமடை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலூரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட் வந்த அன்று நான் மதுரையில் இருந்தேன். கடையில் இருக்கும் தம்பி போன் செய்தான். "அண்ணே, பிரிண்டர்ல பச்சை லைட் எரியுது, பேப்பர் இருக்கு, ஒண்ணும் வெளிய வரல. பிள்ளைக நிறைய நிக்குது." அணைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறான், ஒயரைப் பிடுங்கிச் செருகியிருக்கிறான். திரையில் முதலில் நிற்கும் கோப்பை நீக்கச் சொன்னால் 'டெலீட்டிங்' என்று காட்டியபடி அப்படியே நிற்கிறது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. "ஸ்பூலரை நிறுத்துடா" என்றேன். "கூலரையா அண்ணே?" என்று கேட்டான். கடைக்குள் ஒரு ஏர்கூலர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மேல் தவறே இல்லை. அவனுக்கு அந்தச் சொல் எதையும் காட்டவில்லை.

அப்புறம் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, விண்டோஸில் பின்னணியில் ஓடும் நிரல்களைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலில் அதைத் தேடவைத்து, நிறுத்தவைத்தேன். விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறைக்குப் போகச் சொன்னேன். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் எஸ்பிஎல், எஸ்எச்டி என்று இரண்டு கோப்புகள் கிடக்கும். முன்னதில் அச்சாக வேண்டிய பக்கங்கள். பின்னதில் யார் அனுப்பியது, எந்த பிரிண்டருக்கு என்ற விவரம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஸ்பூலரைத் திரும்ப ஓடவிட்டு, ஹால் டிக்கெட்டுகளை மறுபடி அனுப்பியதும் பிரிண்டர் இழுக்க ஆரம்பித்தது. இதெல்லாம் இரண்டு நிமிட வேலை. மீதிக் கால் மணி நேரமும் பெயரைப் புரியவைப்பதிலேயே போனது. வெயிலில் பிள்ளைகள் நின்ற அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

'சுருளி' என்பது ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பிடித்துக்கொண்டு செய்தது. அந்தப் பிறப்பு 1950-60களோடு போய்விட்டது. ஐபிஎம் 7090 போன்ற பெரிய கணினி கணக்கைப் போட்டு முடிவைக் காந்தநாடாவில் எழுதும். அந்த நாடாச் சுருளைத் தூக்கிக்கொண்டு போய் 1401 என்ற சிறிய கணினியில் மாட்டி அச்சடிப்பார்கள். 1959இல் வந்த அந்த 1401-உடன் சேர்ந்த அச்சுப்பொறி நிமிடத்துக்கு 600 வரி அடித்தது. அப்போதைக்கு அது பெரிய வேகம்தான், ஆனாலும் பெரிய கணினியைக் காக்கவைக்கக் கட்டுப்படியாகாது. ஸ்பூல் என்பது அந்தச் சுருள்தான் என்பார்கள். ஒரு நீளமான தொடரின் முதலெழுத்துகள் என்று விரிப்பவர்களும் உண்டு. எதுவானாலும் இன்றைய கணினியில் சுருளும் இல்லை, நாடாவும் இல்லை. தமிழ் காதுக்குச் சுருளி என்றால் தேனிப் பக்கத்து அருவிதான்.

'அச்சு வரிசை' நல்ல சொல், ஆனால் அது க்யூவுக்கு வேண்டும். வரிசை என்பது திரையில் நாம் பார்க்கும் பட்டியல். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக பிரிண்டருக்குத் தள்ளிவிடுவது ஸ்பூலர். வரிசையை நிறுத்துவதும் ஸ்பூலரை நிறுத்துவதும் வேறுவேறு வேலைகள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் என் தம்பி தவறான பொத்தானைத்தான் அழுத்துவான். 'இடைத்தேக்கி' தேக்குவதை மட்டும் சொல்கிறது, விடுவதைச் சொல்லவில்லை. தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடமான பஃபருக்கு வழங்கும் 'இடையகம்' என்ற சொல்லோடு உரசவும் செய்யும்.

மடைக்கு வருகிறேன். எங்கள் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பூமி. 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து, மலையைக் குடைந்து வந்து வைகையில் சேரும் தண்ணீர். எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் விட முடியாது. அதனால் முறை வைத்து விடுவார்கள். கண்மாய்ப் பாசனத்திலும் அதே கதைதான். மடையைத் திறக்கவும் அடைக்கவும், யாருக்கு எவ்வளவு என்று பார்த்துவிடவும் நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருப்பார். பின்னால் நிறையத் தண்ணீர், முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும் வயல், நடுவில் அளந்து விடும் ஒரு வாய். கணினிக்கும் பிரிண்டருக்கும் நடுவில் ஸ்பூலர் செய்வது இதைத்தான்.

சிறு வயதில் தாத்தாவோடு ஒரு விடியற்காலை போனது இன்னும் கண்ணில் இருக்கிறது. எங்கள் முறை. வாய்க்காலில் தண்ணீர் கரை தட்ட நிற்கிறது, வயலில் சொட்டு ஏறவில்லை. தாத்தா மண்வெட்டியை வரப்பில் வைத்துவிட்டு, வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாயான வாமடைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். சேறு அப்பிய ஒரு பனைமட்டையை உருவி வெளியே எறிந்தார். களக்கென்று ஒரு சத்தம், தண்ணீர் உள்ளே ஓடியது. அன்று எங்கள் பிரிண்டரில் மாட்டிக்கொண்ட கோப்பும் அப்படி ஒரு மட்டைதான். யாரோ அனுப்பிய பெரிய ஸ்கேன் கோப்பு, பாதியில் அறுந்து நின்றது.

இந்தச் சொல்லை எடுத்தால் மற்றவை தானாகக் கூட வருகின்றன. பிரிண்ட் வராவிட்டால் 'மடை அடைத்திருக்கிறது'. ஸ்பூலரை நிறுத்தித் தொடங்குவது 'மடையை மூடித் திறப்பது'. தேங்கிய கோப்புகளை அழிப்பது 'மடையைத் தூர்வாருவது'. க்யூவில் ஒருவரின் இடம் அவர் 'முறை'. யூனிக்ஸ் வகைக் கணினிகளில் மின்னஞ்சலுக்கும் ஸ்பூல் உண்டு. அதை 'அஞ்சல் மடை' என்றால் போயிற்று. 2021 ஜூலையில் பிரிண்ட் நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, அதை அடைக்கும் ஒட்டு (பேட்ச்) வரும்வரை ஸ்பூலரை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். 'அச்சுமடையை மூடி வையுங்கள்' என்று சொல்லியிருந்தால் ஒரு பள்ளி அலுவலக எழுத்தருக்கும் அது புரிந்திருக்கும்.

நேற்று ஒரு நண்பர் தனிமடலில் இரண்டு தடை சொன்னார். மடை என்றால் மடையன் நினைவு வரும் என்பது ஒன்று. 'மடை திறந்த வெள்ளம்போல் பேசினார்' என்று சொல்லும்போது யாருக்கும் வருவதில்லையே. மடைப்பள்ளி, சாமிக்கு மடை போடுவது என்று வேறு பொருளும் இருக்கிறதே என்பது இன்னொன்று. இருக்கிறது, ஆனால் பிரிண்டர் முன்னால் நிற்பவருக்கு அந்தக் குழப்பம் வராது. 'அச்சு' என்ற முன்னொட்டும் அதற்காகத்தான்.

எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டியது வேறு. காவிரிப் பக்கத்து நண்பர்கள் மதகு என்ற சொல்லையே அதிகம் புழங்குவீர்கள். உங்கள் காதுக்கு 'அச்சுமதகு' இன்னும் இயல்பாகப் படுகிறதா? இலங்கை நண்பர்கள் வான்கதவு என்பது அணையின் பெரிய கதவை; வயலுக்கு விடும் சின்ன வாய்க்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? ஞாயிறு வரை பதில் பார்த்துவிட்டு மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றலாம் என்றிருக்கிறேன். கடையில் மட்டும் இன்று காலையே பிரிண்டர் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்: "பிரிண்ட் வரவில்லையா? அச்சுமடையை மூடித் திற." கீழே நான்கு படிகள். தம்பி படித்துவிட்டு, "தூர் வார்றதையும் எழுதுங்கண்ணே" என்றான். ஐந்தாவதாக அதையும் சேர்த்தேன்.