பார்க்கரின் ஒயின் மன்றம் ஏன் உடைந்தது?

வினா: கொடிமுந்திரி
அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கரின் இணையதளத்தில் இருந்த உரையாடல் மன்றத்தில் சேகரிப்பாளர்களும் வணிகர்களும் தயாரிப்பாளர்களும் ஒன்றாகக் கூடி வாதிட்டார்கள். 2004இல், பிரான்சின் போர்தோ பகுதியிலுள்ள ஷாத்தோ பவி என்ற திராட்சைத் தோட்டம் தயாரித்த 2003ஆம் ஆண்டு ஒயினைப் பார்க்கர் வானளாவப் புகழ, பிரிட்டனின் ஒயின் விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சன் அதற்கு 20க்கு 12 மட்டுமே அளித்தார். அந்தப் பூசலில்கூடக் கலையாத கூட்டம் சில ஆண்டுகளில் பிரிந்து வேறிடம் சென்றதற்குச் சுவை வேறுபாடுதான் காரணமா?

மறுமொழி: பீப்பாய்
சுவை வேறுபாடு அன்று என்பதே என் கருத்து. 2003இன் கடும் வெயிலில் அளவுக்கு மீறிப் பழுத்த திராட்சையிலிருந்து வந்த ஒயினை ஒருவர் செழுமை என்றும் மற்றவர் கேலிக்குரியது என்றும் சொன்னபோது, இரு தரப்பினரும் எதிராளியின் பதிலைப் படிப்பதற்காகவே திரும்பத் திரும்ப வந்தார்கள். பவிச் சண்டை மன்றத்துக்குத் தீனி போட்டதே தவிர அதைக் குலைக்கவில்லை. குலைத்தது, அந்த இடம் யாருடையது என்ற கேள்வி. பார்க்கரின் இதழுக்கு எழுதுவோர் பிறர் செலவில் பயணம் செய்தார்களா என்ற விவாதம் 2009இல் வெடித்தபோது, எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதை மன்றத்தைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநரே முடிவு செய்கிறார் என்ற மனக்குறை முற்றியது. அதே ஆண்டில் ஒயின் பெர்சர்கர்ஸ் என்ற தனி மன்றம் தோன்றியது. 2010இல் பழைய மன்றம் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று ஆனபோது, ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றி எழுதி அந்த இடத்தை வளர்த்தவர்கள், தாங்கள் எழுதியதைத் தாங்களே படிக்கப் பணம் கட்ட வேண்டிய நிலைக்கு வந்தார்கள். அதற்குப் பின் யார் தங்குவார்கள்?

மறுமொழி: நிலவறை
பீப்பாய் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கட்டணத்தின் மீதே எல்லாப் பழியையும் போடுவது சரியன்று. ராபின்சனின் தளத்திலும் மன்றம் சந்தாதாரர்களுக்கென்றே நடந்தது. முதலிலேயே வாயிற்காவல் இருந்தால் யாரும் குறை சொல்வதில்லை. திறந்து கிடந்த கதவைப் பிறகு சாத்தினால்தான் கோபம் வருகிறது.

இன்னொரு மாற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்டில் பணிபுரிந்த எரிக் லெவைன் தம் சொந்த ஒயின் சேகரிப்பைக் கணக்கு வைப்பதற்காக 2003இல் எழுதிய செல்லார்டிராக்கர் மென்பொருள், அடுத்த ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒரு குறிப்பிட்ட ஒயினை இப்போது திறக்கலாமா, இன்னும் சில ஆண்டுகள் வைக்கலாமா என்று அறிய, முன்பு மன்றத்தில் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது அதில் ஆயிரக்கணக்கானோரின் சுவைக் குறிப்புகள் தேடியவுடன் கிடைக்கின்றன. ஆகவே மன்றங்களுக்கு எஞ்சியது விலையும் வம்பும் நட்பும்தான். (வம்பைக் குறைத்து மதிப்பிட வேண்டாம், பல மன்றங்கள் அதனாலேயே உயிர் வாழ்கின்றன.)

கொடிமுந்திரி
அப்படியானால், கட்டணம் வைத்த தளம் நட்டமடைந்ததா?

மறுமொழி: பீப்பாய்
மன்றத்தை இழந்ததால் வணிகம் படுத்துவிடவில்லை. 2012இன் இறுதியில் பார்க்கர் தம் இதழின் பெரும்பங்கைச் சிங்கப்பூர் முதலீட்டாளர்களுக்கு விற்றார். 2019இல் அது முழுவதுமாக மிஷெலின் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆனால் 2013இல் அவ்விதழின் விமர்சகர் அன்தோனியோ கல்லோனி விலகி வைனஸ் (Vinous) என்ற தளத்தைத் தொடங்கியபோது, வாசகர்கள் இதழைவிட விமர்சகரையே நம்பிச் சந்தா கட்டியிருந்தார்கள் என்பது தெளிவாயிற்று.

பிரிந்து போனவர்களும் மாறாமல் இல்லை. ஒயின் பெர்சர்கர்ஸில் ஒவ்வோராண்டும் சனவரியில் தயாரிப்பாளர்கள் உறுப்பினர்களுக்கு நேரடியாகச் சலுகை விலையில் விற்கும் நாள் ஒன்று நடைபெறுகிறது. விற்பவரும் குறை சொல்பவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், எந்தக் கண்டனத்தை அனுமதிப்பது என்ற பழைய தலைவலி இப்போது அங்குள்ள மட்டுறுத்துநர்களுடையது.