பிளஸ் ஒன் பயோடெக் லேபைக் கம்பெனி லேப் மாதிரி நடத்த என்னென்ன விதிகள் வைக்கலாம்?

பயோடெக்_மிஸ்:
சி.பி.எஸ்.இ. 11-ஆம் வகுப்பு பயோடெக்னாலஜி, 24 பிள்ளைகள். வாரத்துக்கு ஒரு பிராக்டிகல், 80 நிமிஷம். பஃபர் (பி.எச். மாறாம வைக்கிற கரைசல்), மீடியா (நுண்ணுயிர் வளர்க்கிற ஊட்டக் கலவை) தயாரிப்பு, தயிர் பாக்டீரியாவுக்குச் சாயம் ஏத்திப் பார்க்கிற ஸ்டெயினிங், அமைலேஸ் (மாவுச்சத்தை உடைக்கிற என்சைம்) எல்லாம் இருக்கு. இந்த வருஷம் முதல் நாளிலேயே "இது வேலை செய்யிற இடம்"னு சொல்லி நேரம், உடை, நோட்டு, சுத்தம், லீவு எல்லாத்துக்கும் விதி போடலாம்னு இருக்கேன். எதைக் கட்டாயமாக்கணும், எதை விட்டுடலாம்? மார்க் எப்படிப் போடுறது?

க்யூசி_பெஞ்ச்:
மிஸ், முதலில் கைவைக்க வேண்டியது ரெக்கார்டு நோட்டில்தான். துண்டுச் சீட்டில் கிறுக்கி, அதை அப்சர்வேஷனில் எழுதி, பிறகு ரெக்கார்டில் அழகாக நகலெடுப்பது நம் பள்ளிகளின் வழக்கம். மருந்து கம்பெனியில் எடையைத் துண்டுச் சீட்டில் குறித்துவிட்டுப் பிறகு நோட்டில் ஏற்றினால், ஆடிட்டில் அதுவே குற்றம். எனவே அப்சர்வேஷன் நோட்டுதான் மூலம், மார்க்கும் அதற்குத்தான் என்று அறிவித்துவிடுங்கள். ரெக்கார்டு போர்டு தேர்வுக்காக இருந்துவிட்டுப் போகட்டும்.

பக்க எண் போட்ட பைண்டு நோட்டு, பால்பாயிண்ட் பேனா. மைப்பேனா வேண்டாம், தண்ணீர் பட்டால் எழுத்து கரைந்துவிடும். பென்சில், வொயிட்னர், பக்கம் கிழிப்பது மூன்றுக்கும் தடை. பி.எச். 7.4-ஐ 4.7 என்று எழுதிவிட்டால், படிக்கும்படியே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், இனிஷியல், தேதி, காரணம் இரண்டு வார்த்தை. தேதியில் மாதத்தை எழுத்தில் போடச் சொல்லுங்கள். 05/06 என்றால் ஜூனா மே-யா என்று யாருக்கும் தெரியாது.

எடுக்க வேண்டிய எடை ஒரு கட்டம், எடுத்த எடை இன்னொரு கட்டம். தராசு 0.498 காட்டினால் 0.498தான், 0.5 இல்லை. அமைலேஸ் சோதனையில் அயோடின் நீலம் மறைய எல்லா ஜோடிக்கும் "சரியாக 6 நிமிஷம்" வந்திருந்தால், என்சைமைச் சோதிக்க வேண்டாம், நோட்டுகளைச் சோதியுங்கள்.

மைக்ரோ_அக்கா:
உடை விஷயத்தில் பொதுவா "நீட்டா வாங்க"ன்னு எழுதாதீங்க. மூடிய ஷூ, காட்டன் கோட், பட்டன் முழுக்கப் போட்டிருக்கணும், துப்பட்டா கோட்டுக்குள்ள பின் பண்ணியிருக்கணும், முடி கட்டியிருக்கணும். மல்லிப்பூ கூடாது. ஸ்பிரிட் லேம்ப் மேல குனியும்போது தொங்கறது எதுவும் ஆபத்து, பூவோட இதழும் தூசியும் பாக்டீரியா வளர்க்கிற தட்டுல விழுந்தா கன்டாமினேஷன் (வேண்டாத கிருமி கலக்கிறது) வேற.

70 சதவீத ஆல்கஹால் வேணும்னா 95 சதவீத எத்தனால் 74 மி.லி. எடுத்து, தண்ணி சேர்த்து 100-க்கு நிரப்பணும். பெஞ்சைத் துடைச்சதும் நல்லா காயணும், அப்புறம்தான் லேம்ப் ஏத்தணும். கையுறையில ஆல்கஹால் ஈரத்தோட தீப்பக்கம் போறதுதான் பிள்ளைங்க செய்யற பெரிய தப்பு.

பெட்ரி தட்டுல பெயர், தேதி, மாதிரி மூணும் அடிப்பக்கத்துல, ஓரமா எழுதணும். மூடியில எழுதினா, ரெண்டு தட்டைத் திறந்து மூடும்போது மூடி மாறிடும், ரிசல்ட்டும் மாறிடும்.

கடைசி 10 நிமிஷம் சுத்தத்துக்கு மட்டும். பழைய தட்டுகளை ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில கிருமி நீக்கம்) பண்ணுங்க, முடியலைன்னா பிளீச் 1 பங்கு, தண்ணி 9 பங்கு அன்னன்னைக்குக் கலந்து 30 நிமிஷம் ஊற வைங்க. ரெண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது, பிளீச்சைச் சூடாக்கினா குளோரின் வரும். அதே சிங்க்ல ஆயா பாத்ரூம் ஆசிட் ஊத்திக் கழுவினாலும் குளோரின்தான். அவங்ககிட்டயும் இதைச் சொல்லி வைங்க.

க்யூசி_பெஞ்ச்:
மைக்ரோலிட்டர் கணக்கில் திரவம் எடுக்கும் மைக்ரோபிப்பெட் இருக்கிறதா? இருந்தால் மாதம் ஒருமுறை பிள்ளைகளையே சரிபார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரை 1000 மைக்ரோலிட்டர் வைத்து ஐந்து முறை எடை. நம் ஊர் லேபில் 30 டிகிரி இருக்கும், அப்போது சுமார் 995 மி.கி.தான் வரும். 1000 வரவில்லையே என்று பிப்பெட்டைக் குறை சொல்லக் கூடாது. பிப்பெட்டுகளுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 8655 அனுமதிப்பது 8 மைக்ரோலிட்டர் கூடுதல் குறைவு. சராசரி 987-க்குக் கீழே போனால் முதலில் கையைப் பாருங்கள்: டிப் திரவத்தில் இருக்கும்போதே வெடுக்கென்று விரலை விடுவது, இல்லை சீக்கிரம் வெளியே எடுப்பது. 1003-ஐத் தாண்டினால் பெரும்பாலும் பிப்பெட் பட்டனை முதல் நிறுத்தத்தோடு விடாமல் இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சியிருப்பார்கள். மூன்று தசம இலக்கத் தராசு இந்த அளவுக்குத்தான் போதும், 100 மைக்ரோலிட்டரை அதில் சோதித்துப் பயனில்லை.

ஸ்கூல்_லேப்_சார்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் தவறுக்கு மார்க் குறைத்தால் இந்த விதிகள் மொத்தமும் பாழ். பிள்ளைகள் மறைக்கக் கற்றுக்கொள்வார்கள். கம்பெனிகளில் டீவியேஷன் (முறையிலிருந்து விலகியது பற்றிய குறிப்பு) எழுதுவதுபோல நாலு வரிச் சீட்டு வையுங்கள்: என்ன நடந்தது, எப்போது, எதைப் பாதிக்கும், என்ன செய்தோம். "பிரஷர் ஜீரோ ஆகும் முன் ஆட்டோகிளேவைத் திறந்தோம், அகார் பொங்கி வழிந்தது, 100 மி.லி.யில் 70தான் மிச்சம்" என்று எழுதுகிறவனுக்கு முழு மார்க். வழிந்ததைத் துடைத்துவிட்டு 100 என்று எழுதுகிறவனுக்குப் பூஜ்யம்.

தாமதத்துக்கும் மார்க் குறைக்க வேண்டாம் என்பேன். டவுன் பஸ்ஸை நம்பி வருகிற பிள்ளை என்ன செய்யும்? லீவை மட்டும் கண்டிப்பாக நடத்துங்கள். இன்று ஸ்ட்ரீக் செய்த (பாக்டீரியாவைக் கோடாக இழுத்துப் பரப்பிய) தட்டை நாளை பார்த்தே ஆக வேண்டும். வராதவர் காலை 8 மணிக்குள் ஜோடிக்குச் சொல்லி, தட்டு எங்கே, எத்தனை மணிக்கு இன்குபேட்டரில் வைத்தது, எப்போது எடுப்பது என்று ஒப்படைக்க வேண்டும்.

உள் மதிப்பீடு 10 என்றால் நோட்டுக்கு 5, பெஞ்ச் வேலைக்கு 3, ஒப்படைப்புக்கு 2.

பயோடெக்_மிஸ்:
ரொம்ப நன்றி. ஆட்டோகிளேவ் ரிப்பேர், இப்போ பிரஷர் குக்கர்தான். நேரம் எப்ப இருந்து கணக்கு?

மைக்ரோ_அக்கா:
அடுப்புல வெச்ச நேரத்துல இருந்து இல்ல மிஸ். வெயிட் போடாம ஆவி நல்லா வெளியேறட்டும், அப்புறம் வெயிட் போட்டு, முதல் விசில்ல இருந்து 20 நிமிஷம். ஃபிளாஸ்க்ல பாதிக்கு மேல மீடியா வேண்டாம், ஸ்க்ரூ மூடியா இருந்தா லூசா விடணும். அணைச்சதும் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீங்க, தானா இறங்கட்டும்.