சூடேறிய பின் மட்டும் நின்றுவிடும் பெட்ரோல் கார்: எங்கிருந்து தேடுவது?

கேள்வி:
வணக்கம். என்னிடம் பதினோரு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார் இருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகி, தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு தாண்டும்வரை எந்தக் குறையுமின்றி ஓடுகிறது. ஆனால் முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு சுங்கச்சாவடி வரிசையில் ஊர்ந்து செல்லும்போதோ, டீ குடிக்க நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்ப எடுக்கும்போதோ மக்கர் செய்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின்தான் பிடிப்பதில்லை. பானட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டியதே இல்லை. பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடுவதால் அங்கே குறை தெரிவதில்லை. பெட்ரோல் பம்பையும் பிளக்குகளையும் மாற்றியாயிற்று, பயனில்லை. சென்ற வாரம் வயதான என் தாயாருடன் நடுவெயிலில் நெடுஞ்சாலையோரம் நிற்க நேர்ந்தது. இனியும் ஊகத்தில் பாகங்களை மாற்ற மனமில்லை. எதை, எப்படிச் சோதிப்பது?

மறுமொழி 1:
ஓடும்போது கூலன்ட்டும் எதிர்க்காற்றும் சூட்டை எடுத்துச் செல்கின்றன. எஞ்சினை நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடுவதால், பானட்டுக்குள் இருக்கும் பாகங்கள் அடுத்த சில நிமிடங்களில் ஓட்டத்தின்போது இருந்ததைவிட அதிகமாகச் சூடாகின்றன. டீக்கடையில் நிறுத்திய பின் வண்டி பிடிக்காததற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

குறையை அது தோன்றும் நேரத்திலேயே பிடிக்க வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டரில் செருகி அளவுகளைப் படிக்கும் சிறிய ஸ்கேனர் ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள். நின்றவுடன் செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) அளவைப் பாருங்கள். சாதாரணமாக இருநூறை ஒட்டி ஏதாவது காட்டும். பூஜ்யத்திலேயே நின்றால், எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரையோ அதன் வயரிங்கையோ சந்தேகிக்கலாம். அந்தச் சிக்னல் இல்லாவிட்டால் ஸ்பார்க், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் இரண்டும் வேலை செய்யா. இதை உறுதிசெய்ய, சென்சார்மேல் ஈரத்துணியைச் சுற்றி ஐந்து நிமிடம் வையுங்கள்; அது ஆறியதும் எஞ்சின் பிடித்தால் சந்தேகம் வலுக்கும். சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றக்கூடும் என்பதால் கையை விலக்கியே வையுங்கள்.

மறுமொழி 2:
ஆர்.பி.எம். சரியாக வந்தால், எஞ்சின் சூட்டைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கூலன்ட் சென்சாரையும் பாருங்கள். எஞ்சின் கொதிசூட்டில் இருக்கும்போது இது 20 டிகிரி என்று தவறாகச் சொன்னால், கம்ப்யூட்டர் அளவுக்கு மீறிப் பெட்ரோலை விட்டு பிளக்கை நனைத்துவிடும். ஸ்கேனரில் 90 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடித்தால் பல வண்டிகளில் இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்ளும்; அப்படிச் செய்து பிடித்தால் பெட்ரோல் மிகுதிதான் குறை. கார்புரேட்டர் காலத்தில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்வது சகஜம். இன்ஜெக்ஷன் வண்டிகளில் அழுத்தம் பொதுவாக 3 பார் அளவில் இருப்பதால் அது அரிது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்று வேண்டுமென்றே ஒரு மணி நேரம் ஓட்டி, நிழலில் நிறுத்திக் காத்திருந்தேன். எட்டாவது நிமிடத்தில் எஞ்சின் பிடிக்கவில்லை, ஆர்.பி.எம். பூஜ்யம். ஈரத்துணி வைத்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. இன்று காலை ஆறிய நிலையில் மல்டிமீட்டரில் சென்சார் 860 ஓம் காட்டியது. கழற்றி வெந்நீர்ப் பாத்திரத்தில் முனைகள் நனையாமல் பிடித்தேன். எண் மெல்ல ஏறி ஆயிரத்தை எட்டியது, பிறகு திடீரென்று ஒன்றுமே காட்டவில்லை. உடனே புதிது வாங்கிவிடலாமா?

மறுமொழி 1:
வாங்கிவிடலாம். உள்ளே இருப்பது செம்புக் கம்பிச் சுருள் என்பதால் சூட்டில் ஓம் சற்று ஏறுவது இயல்பு. திடீரென்று அறுவதுதான் குறை. விரிசல் கண்ட கம்பி சூட்டில் விரிந்து பிரிகிறது, ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. இந்த அளவீடு இரண்டு முனைச் சுருள் வகைக்கே பொருந்தும். மூன்று முனை கொண்டவை பெரும்பாலும் ஹால் வகை (உள்ளே மின்னணுச் சில்லு கொண்டது), அவற்றை ஓம் அளந்து தீர்மானிக்க இயலாது. புதிதை மாட்டும்முன் கனெக்டருக்குள் எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வயர் சைலன்சர் குழாயை உரசாதபடி பழைய கிளிப்பிலேயே கட்டுங்கள். உரசினால் புதிய சென்சாரும் இதே பாடுபடும்.